பழைய கான்டெஸாவை வாங்கிவிட்டீர்களா? வேலூர்ப் பகுதியினருக்கான கேள்வி பதில்கள்

பழைய வட ஆற்காடு மாவட்டம் இன்று வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நான்காகப் பிரிந்துவிட்டது. ஒரு காலத்தில் தோல் மண்டிக்காரர்களும் அரிசி ஆலைக்காரர்களும் பெருமையாக வைத்திருந்த கார்களில் சில இந்த ஊர்களில் இன்றும் கொட்டகைகளிலும் புளியமரத்தடிகளிலும் தூங்கிக்கொண்டிருக்கின்றன. அப்படிக் குடியாத்தம் பக்கத்தில் ஆறு ஆண்டுகள் அசையாமல் நின்றிருந்த ஒரு கான்டெஸாவை வாங்கி, சத்துவாச்சாரியில் உள்ள என் வீட்டு வாசலில் வைத்து, ஓராண்டுக்கும் மேலாக மல்லுக்கட்டி ஓட வைத்தேன். அதன் பிறகு என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நான் தவறு செய்து கற்றவை.

கான்டெஸாவை "நம்ம ஊர் மசில் கார்" என்கிறார்களே, அது சரிதானா?

பாதி சரி. அமெரிக்காவில் 1960களில் நடுத்தர அளவுக் கார்களில் பெரிய எட்டு சிலிண்டர் எஞ்சின்களைப் பொருத்தி விற்றபோது பிறந்த பெயர் அது. கான்டெஸாவுக்கு நீண்ட பானெட்டும் முறைக்கும் முகமும் பின்சக்கர இழுவையும் வாய்த்தன, எஞ்சின்தான் வாய்க்கவில்லை. பிரிட்டனின் வாக்ஸ்ஹால் நிறுவனம் 1970களில் தயாரித்த விக்டர் வகைக் காரின் வடிவத்தைப் பெற்று, இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 1984 முதல் 2002 வரை இதைத் தயாரித்தது. முதலில் வந்த வண்டிகளில் அம்பாசடரின் 1,489 சி.சி. எஞ்சினே இருந்ததால், சுமார் 50 குதிரைத் திறனை வைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய உடலை இழுக்க அவை திணறின. பின்னர் வந்த இசுசூ 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும்தான் தோற்றத்துக்கு ஏற்ற ஓட்டத்தைக் கொடுத்தன. இசுசூவின் 2 லிட்டர் டீசல் வண்டிகளும் உண்டு. இந்தப் பக்கத்தில் நான் சொல்வது பெரும்பாலும் பெட்ரோல் வண்டிகளுக்கானது. அம்பாசடர், பத்மினி வைத்திருப்பவர்களுக்கும் ஏறத்தாழ எல்லாமே பொருந்தும்.

வண்டி நேற்றுதான் லாரியில் வந்து இறங்கியது. புது பேட்டரி போட்டு இன்றே ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

வேண்டாம். வண்டி வந்து இறங்கியதும் அக்கம்பக்கத்தார் கூடிவிடுவார்கள், "ஒரு தடவை செல்ஃப் அடிங்க, பார்ப்போம்" என்று ஒருவர் தூண்டுவார், உங்களுக்கும் கை பரபரக்கும். ஆனால் பல ஆண்டுகள் நின்ற எஞ்சினில் சிலிண்டர் சுவரில் எண்ணெய்ப் படலம் வற்றிப் போயிருக்கும். பிஸ்டன் ரிங்குகள் துருவில் லேசாக ஒட்டியிருக்கும். ஏர் ஃபில்டர் கூட்டுக்குள் எலி கூடு கட்டியிருக்கவும் கூடும். அந்த நிலையில் செல்ஃப் மோட்டாரின் வலுவில் திடீரென்று சுற்றினால் ரிங் உடையலாம், சிலிண்டரில் கீறல் விழலாம். அதுவரை சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை அதன் பிறகு போரிங், பிஸ்டன் செட் என்று வளர்ந்துவிடும்.

முதலில் ஸ்பார்க் பிளக்குகள் நான்கையும் கழற்றி, எந்தப் பிளக் எந்தச் சிலிண்டருடையது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துளையிலும் இரண்டு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் ஊற்றி, ஒரு நாள் முழுவதும், முடிந்தால் இரண்டு நாள், அப்படியே விட்டுவிடுங்கள். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சின் முன்புறப் புல்லி நட்டில் பெரிய ஸ்பேனரைப் போட்டுக் கையால் சுற்றுங்கள். இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் வந்தால் பெரிய கண்டம் தாண்டிவிட்டது. இறுகி நின்றால் கம்பியை நீட்டி வலுக் கொடுக்க வேண்டாம். மறுபடி ஆயில் ஊற்றிக் காத்திருங்கள். பொறுமையால் விடுபட்ட எஞ்சின்களை நான் பார்த்திருக்கிறேன்.

கையால் சுற்றிய பிறகு பழைய ஆயிலை வடித்து, ஆயில் ஃபில்டரை மாற்றி, புது ஆயில் ஊற்றுங்கள். பேட்டரியை இணைக்கும் முன் ஒயர்களைக் கண்ணால் தடவிப் பாருங்கள், ஏனென்றால் எலி கடித்த ஒயர் ஒன்று பாடியில் உரசினாலே தீப்பிடிக்கப் போதும். பிளக்குகள் இல்லாமலேயே, இக்னிஷன் காயிலின் இணைப்பையும் கழற்றிவிட்டு, செல்ஃபை ஐந்து ஐந்து விநாடிகளாக அடித்து, ஆயில் அழுத்த விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். அது அணைந்த பிறகே பிளக்குகள், அதன் பிறகே பெட்ரோல். அதுவும் பழைய டேங்கிலிருந்து அல்ல. ஒரு சிறு கேனில் புது பெட்ரோலை வைத்துக் குழாய் மூலம் பம்புக்குக் கொடுங்கள். பக்கத்தில் தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும்.

எஞ்சினைப் பிரிக்காமலே அதன் உடல்நிலையை அறிய முடியுமா?

பெருமளவு முடியும். கம்ப்ரஷன் மீட்டர் என்ற சிறு கருவி போதும். வேலூரில் பெரிய ஒர்க்‌ஷாப் எதிலும் இருக்கும். எஞ்சினைச் சற்றுச் சூடாக்கி, எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டராக அளக்க வேண்டும். நல்ல பெட்ரோல் எஞ்சினில் 120 முதல் 160 பி.எஸ்.ஐ. வரை வரலாம், ஆனால் எண்ணின் உயரத்தைவிட நான்கும் ஒன்றுக்கொன்று நெருங்கி நிற்பதே முக்கியம். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிடப் பத்து, பதினைந்து சதவிகிதத்துக்கு மேல் இறங்கியிருந்தால் அதில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். எண் ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு சரியாக மூடவில்லை. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்தாற்போல் இறங்கியிருந்தால் அவற்றுக்கு நடுவே ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையில் உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

நீண்ட நாள் நின்ற வண்டியில் முதல் அளவீடு மோசமாக வந்தால் மனம் தளர வேண்டாம். ஒட்டிய ரிங்குகள் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு விடுபடுவது உண்டு. என் வண்டியின் மூன்றாவது சிலிண்டர் முதலில் 85 காட்டியது. எஞ்சினை இறக்கிவிட வேண்டும் என்று ஒரு மெக்கானிக் தீர்ப்பே சொல்லிவிட்டார். 400 கிலோமீட்டர் ஓடிய பின் அதே சிலிண்டர் 125 காட்டியது.

பழைய பெட்ரோலை என்ன செய்வது? இப்போது வரும் இ20 பெட்ரோல் இந்த எஞ்சினுக்கு ஆகுமா?

பழையதை முழுவதும் வடித்துவிடுங்கள். வார்னிஷ் வாடை அடிக்கும் பெட்ரோல் எரியாது, கார்புரேட்டரின் ஜெட்டுகளை (பெட்ரோலை அளந்து விடும் நுண்துளைகளை) அடைக்கத்தான் செய்யும். டேங்கை இறக்கி, உள்ளே விளக்கடித்துப் பார்த்து, துரு இருந்தால் சுத்தம் செய்து வாங்குங்கள். டேங்கில் கேஸ் வெல்டிங் வைக்க வேண்டியிருந்தால், அதை அறிந்து செய்பவரிடம் மட்டும் கொடுங்கள். காலியாகத் தெரியும் டேங்கில் உள்ள பெட்ரோல் ஆவி வெடிக்கும்.

இ20 என்பது ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல். கான்டெஸா பிறந்த காலத்தில் யாரும் எதிர்பாராத எரிபொருள் இது. இதனால் மூன்று தொல்லைகள் வரும். பழைய ரப்பர் குழாய்களும் பம்பின் டயாஃப்ரமும் எத்தனாலில் ஊறி மெத்தென்று ஆகி வெடிக்கும். ஆகவே டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ரப்பரையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் ஒழுகுவதைவிட மோசமான ஆபத்து வேறு இல்லை என்பதால், இந்த ஒரு செலவில் மட்டும் நான் யாரிடமும் பேரம் பேச மாட்டேன். இரண்டாவது, எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். மாதக்கணக்கில் நின்றால் தண்ணீரோடு சேர்ந்து டேங்கின் அடியில் தனியாகப் படிந்து துருவைக் கிளப்பும். ஆகவே டேங்கில் போடும் பெட்ரோலைச் சில வாரங்களுக்குள் ஓட்டித் தீர்ப்பது நல்லது. மூன்றாவது, எத்தனாலுக்குக் காற்று குறைவாகவே தேவைப்படுவதால், பழைய ஜெட் அளவிலேயே ஓட்டினால் கலவை மெலிந்துவிடும். எஞ்சின் தேவைக்கு மேல் சூடாகும், பிக்கப் குறையும். மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கிப் பிளக்கின் நிறத்தைப் பார்த்துத் தீர்மானிக்கலாம்: இளம் பழுப்பு நல்லது, வெள்ளை என்றால் மெலிவு, கரி என்றால் செறிவு. தவிர, எத்தனால் டேங்கில் படிந்த பழைய பிசினைக் கரைத்துக்கொண்டு வரும் என்பதால் முதல் இரண்டு மாதங்களில் பெட்ரோல் ஃபில்டரை இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டியிருக்கும்.

ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய 1.5 எஞ்சினின் எக்ஸாஸ்ட் வால்வு இருக்கைகள் (வால்வு மூடும்போது அமரும் விளிம்புகள்) அந்த ஈயத்தின் பாதுகாப்பை நம்பிச் செய்யப்பட்டவை. அதற்காக உடனே ஹெட்டைக் கழற்ற வேண்டாம். டாப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் நெம்புக்கும் நடுவே விடும் சிறு இடைவெளி) அடிக்கடி குறைந்துகொண்டே போனால் இருக்கை அமிழ்கிறது என்று பொருள். வேறு வேலைக்காக ஹெட் இறங்கும்போது கடினமான இருக்கைகளைப் பதித்துக்கொள்ளுங்கள்.

கத்திரி வெயிலில் எஞ்சின் கொதிக்கிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்களே?

இந்தப் பக்கத்திலேயே எனக்கு மிகவும் கோபம் வரும் கேள்வி இது, ஏனென்றால் இந்த ஊரில் நான் பார்த்த பழைய கார்களில் பெரும்பாலானவற்றில் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) இல்லை. கொதிப்பதற்குக் காரணம் தெர்மோஸ்டாட் அல்ல, ரேடியேட்டரில் நாம் ஊற்றிய தண்ணீர்தான். நம் பகுதியின் போர்த் தண்ணீர் எவ்வளவு கடினமானது என்பதைச் சுடு தண்ணீர் வைக்கும் அண்டாவின் அடியைப் பார்த்தாலே தெரியும். பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஆலைகள் இருக்கும் ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கங்களில் உப்பு இன்னும் கூடுதல். அந்த அண்டாவின் அடியில் படியும் அதே சுண்ணாம்புதான் எஞ்சின் ஹெட்டின் குறுகிய நீர்வழிகளிலும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் முப்பது ஆண்டுகளாகப் படிந்து, வெப்பத்தை வெளியே விடாமல் போர்வைபோல் மூடிக்கொண்டிருக்கிறது. உப்போ உலோகத்தை அரிக்கிறது.

ஆகவே ரேடியேட்டரைக் கழற்றி, பழைய பித்தளை ரேடியேட்டராக இருந்தால் மேல் தொட்டியின் ஈயப் பற்றை விடுவித்து, ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டுக் குத்தச் சொல்லுங்கள். இந்த வேலையை அறிந்த ரேடியேட்டர்க்காரர்கள் குறைந்துவருகிறார்கள், இருப்பவரைத் தேடிப் பிடியுங்கள். எஞ்சின் பிளாக்கில் தண்ணீரை வழக்கமான திசைக்கு எதிராகச் செலுத்தி, வெளியே வரும் நீர் தெளியும் வரை அலசுங்கள். என் வண்டியில் அரை வாளி செம்மண் நிறச் சேறு வந்தது. பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வட்டத் தகட்டு மூடிகள் உள்ளிருந்து அரித்திருக்கும். அலசும் அழுத்தத்தில் அவற்றில் ஒன்று கசியத் தொடங்கினால், அப்போதே எல்லாவற்றையும் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

அலசி முடிந்ததும் குழாய்த் தண்ணீரை மறந்துவிடுங்கள். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரையும் தரமான கூலன்ட்டையும் சரிபாதியாகக் கலந்து ஊற்றுங்கள். "நம்ம ஊரில் பனியா பெய்கிறது, கூலன்ட் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. உறைவதைத் தடுப்பது அதன் ஒரு வேலை மட்டுமே. அரிப்பைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் அதன் மற்ற வேலைகள், நமக்கு வேண்டியவை இவைதான். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங்கையும் பாருங்கள். மூடி தாங்கும் ஒவ்வொரு பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கும் கொதிநிலை ஏறத்தாழ ஒன்றரை டிகிரி செல்சியஸ் உயர்கிறது. அழுத்தம் பிடிக்காத மூடியோடு மே மாதத்தில் ஓட்டுவது மூடியில்லாமல் ஓட்டுவது போலத்தான்.

தெர்மோஸ்டாட்டுக்கு வருவோம். அதைக் கழற்றினால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வர நேரம் பிடிக்கும், அதுவரை எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவி ஆயிலில் கலந்து தேய்மானத்தைக் கூட்டும். அது வேலை செய்கிறதா என்று பார்க்க, ஒரு பாத்திரத்து நீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். தண்ணீர் கொதிக்கும் முன்பே, 80 டிகிரியைத் தாண்டியதும் திறக்கத் தொடங்கினால் நல்லது, இல்லையென்றால் புதிது வாங்குங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் கொதித்தால் ரேடியேட்டரைக் குறை சொல்லாதீர்கள். இக்னிஷன் டைமிங் (தீப்பொறி வரும் நேரம்) தாமதமாக இருந்தாலும், கலவை மெலிந்திருந்தாலும், ஃபேனைச் சுற்றியுள்ள கூடு உடைந்து காணாமல் போயிருந்தாலும் எஞ்சின் கொதிக்கும். ஆயில் மூடியின் உட்புறம் வெண்ணெய் போன்ற நுரை, ரேடியேட்டரில் ஓயாத குமிழிகள், வெண்புகை ஆகியவை தெரிந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள்.

மதிய நேரத்தில் கிரீன் சர்க்கிள் நெரிசலில் மட்டும் எஞ்சின் நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் கழித்துத் தானாக ஸ்டார்ட் ஆகிறது. ஏன்?

இரண்டு காரணங்களில் ஒன்று. எஞ்சின் சூட்டில் குழாயிலேயே பெட்ரோல் கொதித்து ஆவியாகி, பம்ப் ஆவியை இழுக்க முடியாமல் திணறுவது முதலாவது. மெல்ல நகரும் நெரிசலில், காற்றோட்டம் இல்லாதபோது இது வரும். ஈரத் துணியைப் பம்பின் மேலும் குழாயின் மேலும் சுற்றிய சில நிமிடங்களில் ஸ்டார்ட் ஆனால் இதுதான். குழாயை எக்ஸாஸ்டிலிருந்து விலக்கிக் கொண்டுபோய், வெப்பம் தாங்கும் உறை போடுங்கள். இரண்டாவது, இக்னிஷன் காயிலோ கன்டென்சரோ சூட்டில் செயலிழப்பது. நின்றவுடனே ஒரு பிளக்கைக் கழற்றிப் பொறி வருகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். உதிரியாக ஒரு கன்டென்சரைக் கையுறைப் பெட்டியில் வைத்திருங்கள்; இந்தச் சின்னச் சாமான் நம்மை நடுத்தெருவில் நிறுத்தும்.

எஞ்சின் மிஸ் அடிக்கிறது, பிக்கப் இல்லை. கார்புரேட்டரை மாற்றிவிடலாமா?

கார்புரேட்டரைக் கடைசியில் தொடுங்கள். பெரும்பாலான "கார்புரேட்டர் கோளாறுகள்" இக்னிஷனில்தான் இருக்கின்றன என்று எங்கள் மெக்கானிக் பாய் சொல்வார். நான் அவரை நம்பாமல் இரண்டு கார்புரேட்டர் கிட் வாங்கி வீணாக்கினேன்.

வரிசை முக்கியம், ஏனென்றால் ஒவ்வொரு படியும் அடுத்ததைப் பாதிக்கும். டாப்பெட் இடைவெளியை உங்கள் எஞ்சினுக்கான அளவில் வைத்துவிட்டுப் பிறகு இக்னிஷனுக்கு வாருங்கள். பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் முனைகள்) இடைவெளி சுமார் 0.4 மி.மீ., பிளக் இடைவெளி சுமார் 0.65 மி.மீ. என்பவை பாயிண்ட் வகை இக்னிஷனுக்குப் பொதுவாக ஒத்துவரும். பாயிண்ட் முகம் குழி விழுந்திருந்தால் தேய்த்துக்கொண்டிருக்காமல் புதிது போடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டை அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் ஆடினால் எந்த இடைவெளியும் நிற்காது. 1.5 எஞ்சினுக்கும் இசுசூ 1.8க்கும் தீப்பொறி வரிசை 1-3-4-2. பிளக் ஒயர்களை மாற்றிப் போட்டு நாள் முழுக்கத் தேடியவர்களை எனக்குத் தெரியும், அவர்களில் நானும் ஒருவன். டைமிங்கைக் காதால் கேட்டு வைக்காமல் டைமிங் லைட்டால் வையுங்கள். அப்போது டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிடுங்கள். அந்தக் குழாயை வாயால் உறிஞ்சிப் பாருங்கள், உள்ளே தகடு நகரவில்லை என்றால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. பிக்கப் இல்லாததற்கும் மைலேஜ் குறைவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

கடைசியாகக் கார்புரேட்டர். அதன் அடித்தளக் கேஸ்கெட்டில் காற்று கசிகிறதா என்று பார்த்து, ஜெட்டுகளைக் கம்பியால் குத்தாமல் காற்றழுத்தத்தால் ஊதிச் சுத்தம் செய்து, ஐடில் கலவையை வையுங்கள். மாசுச் சான்றிதழ் மையத்தின் கருவி இங்கே நமக்கு நண்பன். கான்டெஸா காலத்துப் பெட்ரோல் கார்களுக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 3 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும். ஒழுங்காக டியூன் செய்த எஞ்சின் அதற்கு நன்றாகக் கீழேயே நிற்கும், நிற்காவிட்டால் கலவை செறிவாக இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்து, நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றை ஒரே நாளில் மாற்றினால் எது குணப்படுத்தியது, எது கெடுத்தது என்று ஒருபோதும் தெரியாது.

பிரேக் நன்றாகத்தான் பிடிக்கிறது. அதையும் பிரிக்க வேண்டுமா?

கட்டாயம் பிரிக்க வேண்டும், அதுவும் எஞ்சின் வேலைக்கு முன்பே. வாசலில் மெல்ல உருட்டும்போது பிடிக்கும் பிரேக், நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டா சுங்கச்சாவடி நெருங்கும்போதும் பிடிக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. பல ஆண்டுகள் பழகிய ஆயிலில் உள்ள அந்த நீர் சிலிண்டர்களைத் துருப்பிடிக்க வைக்கும், தொடர்ந்து பிரேக் மிதிக்கும் சூட்டில் ஆவியாகி பெடலைப் பஞ்சாக்கும். மாஸ்டர் சிலிண்டர், சக்கரச் சிலிண்டர்கள், காலிபர்கள் எல்லாவற்றுக்கும் ரப்பர் கிட் போட்டு, துளைச் சுவரில் குழி விழுந்திருந்தால் சிலிண்டரையே மாற்றுங்கள். வளையும் ரப்பர் ஹோஸ்கள் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி அடைத்துக்கொள்ளும். மிதித்த பிரேக் விடுபடாமல் ஒரு சக்கரம் சூடாவது பெரும்பாலும் இதனால்தான். கழுவுவதற்குப் பெட்ரோலோ எஞ்சின் ஆயிலோ கூடாது, அவை ரப்பரைக் கெடுக்கும். குழாயில் பித்தளையால் ஒட்டுப் போட்டிருந்தால் அதை முழுக்குழாயாக மாற்றுங்கள்.

டயரில் பட்டன் நிறைய இருக்கிறதே, ஓட்டலாமா?

பட்டனைப் பார்க்காதீர்கள், பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு: 1412 என்றால் 2012ஆம் ஆண்டின் பதினான்காவது வாரம். பத்து ஆண்டுகளைத் தாண்டியது ஸ்டெப்னிக்குக்கூட ஆகாது.

என்ன எஞ்சின் ஆயில் ஊற்றுவது?

இந்த எஞ்சின்களுக்கு 20டபிள்யூ-50 அல்லது 20டபிள்யூ-40 மினரல் ஆயில் போதும். விலையுயர்ந்த சிந்தெடிக் தேவையில்லை. மெலிந்த ஆயில் பழைய சீல்களில் ஒழுகும். முதல் ஆயிலை 500 கிலோமீட்டரிலேயே மாற்றுங்கள், உள்ளே கிடந்த அழுக்கு அதோடு வெளியே போகட்டும். டீசல் வண்டியாக இருந்தால் ஆயிலோடு டைமிங் பெல்ட்டையும் கணக்குப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். அது அறுந்தால் வால்வுகள் வளையும்.

பெயிண்ட் அடித்துவிட்டு எஞ்சின் வேலை பார்க்கலாமா? பார்க்க அழகாக இருந்தால் உற்சாகம் வருமே?

உற்சாகம் வரும், எஞ்சினை இறக்கும்போது புதுப் பெயிண்டில் கீறலும் வரும். அதைவிட முக்கியமானது, பளபளக்கும் பெயிண்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது. ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவுகளின் அடிப்பகுதி, சக்கர வளைவுகள், ஜாக்கி போடும் இடங்கள் ஆகியவற்றில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. தரை விரிப்பை முழுவதும் எடுத்துப் பாருங்கள். மரத்தடியில் நின்ற வண்டிகளில் புளியிலையும் வேப்பிலையும் முன் கண்ணாடியின் கீழுள்ள வடிகால் துளைகளை அடைத்து, மழைநீர் கால் வைக்கும் இடத்துக்கு இறங்கியிருக்கும். என் வண்டியில் ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் விரிப்பைத் தூக்கியபோது தார்ச்சாலை தெரிந்தது. துரு உள்ள இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகட்டை வெல்டு செய்யச் சொல்லுங்கள், பட்டியைக் குழைத்து மூடுவதைச் சம்மதிக்காதீர்கள். டிங்கரிங் செய்பவர் ஒரே வாரத்தில் முடித்துத் தருவதாகச் சொன்னால், எதை விட்டுவிடப் போகிறார் என்று கேளுங்கள்.

சாமான்கள் எங்கே கிடைக்கும்?

1.5 எஞ்சினுக்கு அம்பாசடரின் சாமான்கள் பொருந்துவதால் கவலை குறைவு. அம்பாசடர் 2014 வரை தயாரானது. இசுசூ எஞ்சினுக்குத்தான் தேட வேண்டும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதியவையும், புதுப்பேட்டையில் கழற்றியவையும் கிடைக்கும். பழைய சாமானைக் கையில் எடுத்துக்கொண்டு போய் ஒப்பிட்டு வாங்குங்கள், போனில் சொல்லி வாங்கினால் இரண்டு முறை அலைய வேண்டியிருக்கும். கிடைக்காத புஷ், பின், தண்டு வகைகளை இராணிப்பேட்டை சிப்காட்டைச் சுற்றியுள்ள லேத் பட்டறைகளில் அளவு கொடுத்துக் கடைந்து வாங்கலாம். இருக்கைகளுக்கு மட்டும் நம் மாவட்டத்துக்காரர்கள் யாரிடமும் கை ஏந்த வேண்டியதில்லை: ஆம்பூரில் தோலும் இருக்கிறது, தைக்கத் தெரிந்த கைகளும் இருக்கின்றன. காலணித் தோலை அப்படியே போடாமல், தடிமனான இருக்கைத் தோல் கேளுங்கள்.

எதற்கு இந்தப் பாடு? புதிய கார் எஞ்சினைப் பொருத்திவிட்டால் என்ன?

எஞ்சினை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின் கீழ் அனுமதி பெற்று, பதிவுச் சான்றிதழில் பதிய வேண்டிய மாற்றம். பதியாமல் ஓட்டினால் எஃப்.சி.யிலும் விபத்துக் காப்பீட்டிலும் சிக்கல் வரும். அதை விடுங்கள்: புது எஞ்சினோடு புதிய ஒயரிங், புதிய ரேடியேட்டர், புதிய கியர் பெட்டித் தாங்கிகள் என்று வேலை நீளும், பாதியில் நின்ற இத்தகைய வண்டிகளைத்தான் விற்பனைக்கு அதிகம் பார்க்கிறேன். சீராக டியூன் செய்த இசுசூ 1.8 எஞ்சின் இன்றைய நெடுஞ்சாலையிலும் சிரமமில்லாமல் ஓடும்.

காகிதங்கள்?

தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க வேண்டும். வண்டி கையில் வந்ததும் படிவம் 29, 30 கொண்டு பெயர் மாற்றம் செய்யுங்கள். சித்தூர், பெங்களூரு போன்ற வெளிமாநில ஊர்களிலிருந்து வாங்கியிருந்தால் அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்காமல் பணத்தை முழுவதும் கொடுக்காதீர்கள். ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் வண்டியில் உள்ளவற்றோடு நீங்களே ஒப்பிடுங்கள், தரகர் சொல்வதை நம்பாதீர்கள். 20 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2025இல் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பசுமை வரி அதற்கு மேல். "விண்டேஜ் பதிவு வாங்கினால் தப்பிக்கலாமே?" என்று சிலர் கேட்கிறார்கள். 2021இல் வந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த வண்டிகளுக்கே "வி.ஏ." எழுத்துகளுடன் அந்தப் பதிவு கிடைக்கும். முதல் கான்டெஸாவே 2034இல்தான் அந்த வயதை எட்டும். தவிர, அந்தப் பதிவில் உள்ள வண்டியை அன்றாடம் ஓட்டவும் முடியாது.

மொத்தம் எவ்வளவு செலவாகும்?

எனக்கு வாங்கிய விலைக்குச் சமமாக இன்னொரு பங்கு ஆனது, பெயிண்ட் இல்லாமல். வீட்டில் சொன்ன கணக்கு வேறு.

எல்லாம் முடிந்தது. முதல் நெடும்பயணம் எங்கே போகலாம்?

நேராக ஏலகிரிக்குப் போகாதீர்கள். முதல் வாரம் பாகாயம், காட்பாடி என்று வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள்ளேயே சுற்றுங்கள், அதிகாலையில். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்ததும் வண்டிக்கடியில் ஓர் அட்டையை விரித்துவைத்து, எங்கே என்ன சொட்டியிருக்கிறது என்று காலையில் பாருங்கள்; சிவப்பு, பச்சை, கறுப்பு என்று ஒவ்வொரு நிறமும் ஓர் இடத்தைச் சொல்லும். சக்கர நட்டுகளை 50 கிலோமீட்டருக்குப் பிறகு மறுபடி இறுக்குங்கள். அடுத்த வாரம் நெடுஞ்சாலையில் ஆம்பூர் வரை, 70 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் போய் வாருங்கள். ஆம்பூரில் பிரியாணி சாப்பிடும் நேரத்தில் எஞ்சின் பாதிதான் ஆறியிருக்கும், பிறகு அந்தச் சூட்டில் எஞ்சின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்றும் தெரிந்துவிடும்.

இவற்றில் நான்கைந்து முறை தொல்லையில்லாமல் திரும்பிய பிறகு ஏலகிரி. அதன் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது குளிரூட்டும் அமைப்பும், இறங்கும்போது பிரேக்கும் உண்மையான தேர்வை எழுதும். ஏறும்போது வெப்பமானியின் முள் நகர்ந்தால் பக்கவாட்டில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் ஐடிலில் ஓடவிடுங்கள். ரேடியேட்டர் மூடியை எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். இறங்கும்போது ஏறிய அதே கியரில் இறங்குங்கள், பிரேக்கை இடைவிடாமல் தேய்க்காமல் விட்டு விட்டு மிதியுங்கள். அடிவாரத்தில் நிறுத்தி நான்கு சக்கரங்களின் அருகிலும் கையை வைத்துப் பாருங்கள்: நான்கும் ஒரே மாதிரிச் சூடாக இருந்தால் பொன்னேரி கூட்டுச்சாலையில் ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பலாம், ஒன்று மட்டும் கொதித்தால், அந்தச் சக்கரத்தின் ஹோஸை நீங்கள் இன்னும் மாற்றவில்லை.